மண்வெட்டி இன்று யார் வீட்டில்

நூறு பக்க நோட்டு. அட்டையில் பந்து உதைக்கும் பையன்,
அவனுக்குக் கழுத்து வரை சேற்றுக் கறை.
முன்பாதி முழுக்கக் காய்ச்சல்:
யாருக்கு, எத்தனையாம் நாள்,
யார் வாசலில் யார் பீன்ஸ் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள்,
எந்தக் கதவு தட்டியும் திறக்கவில்லை.

சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன்.
கம்பெனி மூடியது. கை சும்மா இருக்கமாட்டேன் என்றது.
எழுத்து நேராக வரும் என்பதால்
நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

அப்புறம் நவம்பர்.
முதல் புயலில் ஆறு கரையை உடைத்து வீட்டுக்குள் வந்தது.
இரண்டாவது,
முதலாவது எதை விட்டுவைத்தது என்று பார்க்க வந்தது.
நடுவே பன்னிரண்டு நாள்.
அதற்குள் எவெலியோ தரையைக் கழுவி
பாதிச் சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்திருந்தான்.

மேம்பாலத்தின் கீழே கிடந்தோம்.
ஒலிபெருக்கி ஆறடி தள்ளி நிற்கச் சொன்னது.
அந்த ஆறடிக்குள் நாங்கள் ஒன்பது பேர், ஒரு பன்றி.

தண்ணீர் வடிந்த பிறகு
ஜன்னல் கம்பிகளை வைத்துத்தான்
எங்கள் தெருவை அடையாளம் கண்டோம்.
சூலா பள்ளத்தாக்கு முழுக்க ஒரே நிறம்.
நோட்டைப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தேன்.
பையில் ஓட்டையும் இருந்தது.
காய்ச்சலின் நீல மை பின்பக்கங்களுக்கு இறங்கியிருந்தது.
வெயிலில் உலர்த்தி
அந்த நீலத்தின் மேலேயே எழுத ஆரம்பித்தேன்:
மண்வெட்டி நான்கு. ஒன்றுக்குக் காம்பு இல்லை.
தள்ளுவண்டி ஒன்று.
வீடு அறுபத்து மூன்று.

முதலில் யார் வீடு?
சாதாரணச் சண்டை இல்லை அது.
சர்ச்சுக்குப் பக்கத்து வீடு என்றார் ஒருவர்,
கைக்குழந்தை இருக்கிற வீடு என்றார் ஒருவர்,
தன் மண்வெட்டி தன்னுடையது என்று
ஓஸ்மின் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.
ஐஸ் விற்கும் விடாலினா, அதிகம் வாய் திறக்காதவள்,
என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி
முன்பாதியைத் திருப்பினாள்.
"மண்வெட்டி பிடிக்கிற கை எந்த வீட்டில் போய்விட்டதோ
அந்த வீடு முதலில்."

எண்ணினோம். பதினோரு வீடு.
ஓஸ்மின் எழுந்தான்.

முதல் வீடு டெல்மியுடையது.
கூடத்தை அள்ளினோம். அடுப்படியை அள்ளினோம்.
வெட்ட வெட்டக் கூடிக்கொள்ளும் சேறு.
உள்ளறை வாசலில் கைகளை விரித்து நின்றாள்.
அவன் கடைசியாகப் படுத்த கட்டில்
சேற்றுக்குள் அப்படியே இருந்தது.
வேண்டாம் என்றாள். சரி என்றோம்.
எழுதினேன்: டெல்மி, இரண்டு அறை. ஓர் அறை பாக்கி.

ஜனவரியில் தெகுசிகால்பாவிலிருந்து ஒருவர் வந்தார்,
படிவத்தோடு, புது பூட்ஸோடு.
மீட்புப் பணிக்குத் தலைவர் யார் என்று கேட்டார்.
இன்றைக்கு யார் முறை என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
எதையோ குறித்துக்கொண்டு போனார்.
கரை உடைந்தேதான் கிடக்கிறது.
நான்கு மண்வெட்டியால் அதைக் கட்ட முடியாது,
எங்களுக்கும் தெரியும்.

மூன்று வீட்டுக்கு மூச்சு கொடுத்துத் தீர்ந்த
ஆக்சிஜன் சிலிண்டரை
பாதாம் மரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம்.
ஆறு ஏறினால் கம்பியால் அடிக்க வேண்டும்.
போன வியாழன் நடுராத்திரி அடித்தார்கள்.
ஓடினோம். தண்ணீர் முழங்காலோடு நின்றுவிட்டது.
யாரும் திட்டவில்லை.
திரும்பி வந்து நனைந்த விறகில்
காபி போட முயன்று தோற்றோம்.

நேற்று நோட்டில் வேறு கையெழுத்து.
கோணலாக, அழுத்தி:
டெல்மி. நாளைக் காலை நாலு முதல் ஆறு. மண்வெட்டி ஒன்று.
'பாக்கி' என்ற சொல்லை நான் அடிக்கவில்லை.
அவளே அடிக்கட்டும்.

ஆகவே, மண்வெட்டி இன்று ராத்திரி என் வீட்டில்.
ஆறு மணிக்கு மேல் வேண்டியவர்கள் வாருங்கள்.
நாய் குரைக்கும், கடிக்காது.
காம்பில்லாததைக் கொண்டுபோனவர் யாரோ,
காம்பு போட்டாவது
திருப்பிக் கொடுங்கள்.