சாவி கிள்ளானில் இருந்தது

ஊசி ஏன் போடவில்லை என்று
டாக்டர் கேட்டார், மலாயில்.
நான் மிஸியும் இல்லை, மொழிபெயர்ப்பாளனும் இல்லை.
பெக்கோக் கிளினிக்கில்
மருந்துப் பொட்டலத்துக்குச் சீட்டு ஒட்டுகிறவன்.
தமிழ் தெரியும் என்பதால் கூப்பிடுவார்கள்.

அஞ்சலை அக்கா பேச்சு
கிளைக்குக் கிளை தாவும்.
பதினொரு மணி பஸ் வராததில் தொடங்கினாள்.
லோரியில் ஏற்றிவிட்ட மண்டோர்
அரைநாள் சம்பளம் போச்சு என்று
சிரித்துக்கொண்டே சொன்னது.
உதிரிப் பழம் பொறுக்கையில்
சப்பாத்தைத் துளைத்த செம்பனை முள்.
நகவெட்டியால் பிடுங்கினாளாம்.
வலிக்கவே இல்லையாம்.
வலிக்காததுதான் வியாதி என்று
அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகுதான் ஐஸ்பெட்டிக்கு வந்தாள்.
வீட்டில் இருந்தது தீபாவளிக்கு முன்பே கெட்டுவிட்டது.
மருந்து பவுனு வீட்டில்,
முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில்.
பவுனு மகள் பிரசவத்துக்குக் கிள்ளான் போனாள்.
வீட்டுச் சாவியும் கிள்ளான் போனது.
ஒன்பது நாள்
ஜன்னலில் கன்னம் வைத்து நின்றாளாம்.
உள்ளே ஐஸ்பெட்டி உறுமுவது கேட்டதாம்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
வெளியே இன்னும் நாற்பத்தொரு நம்பர்.
ஒரு பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது.
எனக்குப் பசி.

"டியா லூப்பா" என்றேன்.
மறந்துவிட்டாள்.
இரண்டே சொல்.

டாக்டர் நல்லவர். கிளந்தான்காரர்.
குனிந்து அவள் கையைப் பிடித்து
மறக்கக் கூடாது மக்சிக், கால் போய்விடும் என்றார்.
அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.
அவள் என்னையே பார்த்தாள்.
சரிங்க தம்பி என்றாள்.

முகப்புக்கு வந்து
இரண்டு மாத மருந்தை எண்ணி வைத்தேன்.
குளிரில் வைக்கவும் என்ற சீட்டை
நானே ஒட்டினேன், கோணாமல்.

மார்ச்சில் சிகாமட் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம்.
இடது கால், முழங்காலுக்குக் கீழே.
எங்கள் கார்டைப் பார்த்து
ஒரு வரி சேர்த்திருந்தார்கள்:
நோயாளிக்கு மறதி.

கார்டில் இருப்பது டாக்டர் கையெழுத்து.
சொல் என்னுடையது.

பவுனு பேரனோடு திரும்பியதும்
மாற்றுச் சாவி ஒன்று வெட்டிக் கொடுத்திருக்கிறாள்.
சீனன் கடையில்
மூன்று வெள்ளி ஐம்பது காசு.
சக்கர நாற்காலியில் வரும்போது பார்த்தேன்,
அஞ்சலை அக்கா அதைத்
தாலிக் கயிற்றில் கோத்திருக்கிறாள்.