இருபது ஜிபி

சிம் லிம் சதுக்கத்தின் ஐந்தாம் மாடியில்
வெய் லியாங் கேட்டது நானூற்று எண்பது வெள்ளி.
நடையைக் கட்டினேன்.
நகரும் படிக்கட்டில் கால் வைப்பதற்குள்
நானூற்று முப்பதாகி
என் பின்னாலேயே ஓடிவந்தது விலை.

சீட்டுக்கட்டு அளவுதான்.
சட்டைப்பையில் போட்டால் பை ஒருக்களித்துத் தொங்கும்.
“உள்ளே தட்டு சுத்துது லா,
கீழே போட்டால் செத்துப்போகும்” என்றான்.
சுத்துது என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
வாங்கினேன் என்பதைச்
சுகுணவதியிடம் எப்படிச் சொல்வது?
தள்ளுபடி என்று சொல்லிவைத்தேன்.

இருபத்தொரு வருடமாக மின்தூக்கி பழுதுபார்க்கிறேன்.
இயந்திர அறையின் பூட்டைத் திறக்குமுன்பே
எந்த உருளைக்கு எண்ணெய் வற்றியது என்று
காது சொல்லிவிடும்.
அதே காதுக்கு இப்போது
உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டார்.

அழுத்தியதும் பாடாது.
முதலில் ஒரு சிலிர்ப்பு,
நனைந்த பூனைக்குட்டி உடம்பை உதறியதுபோல.
பிறகு தட்டு வேகம் பிடிக்கும்.
கண்ணுக்குத் தெரியாத கையொன்று
அங்கே தேடி, இங்கே தேடி,
டிக்.
அதற்கப்புறம்தான் தவில்.

வீட்டுக் குறுந்தட்டுகளை ஏற்ற மூன்று வாரம்,
கயற்கண்ணி படித்துமுடித்துக்
கணினியை விட்டெழுந்த பிறகு.
ரோஸ்லான் தந்த மலாய் கசல்,
கோப்பிக்கடைத் தவுக்கே
தூக்கிப்போடவிருந்த ஹொக்கியன் பாட்டுகள்,
எல்லாம் உள்ளே.
பெயர் அடிக்கப் பொறுமையில்லை.
அதனால் என்னிடம் ‘டிராக் ஒன்று’ என்றே
நாற்பத்து மூன்று பாட்டுகள்.

கணக்குப் போட்டேன்:
விடாமல் ஓடினால் பதினான்கு நாள்.
எனக்கு ஆண்டு விடுப்பும் பதினான்கு நாள்தான்.
மின்கலமோ எட்டு மணி நேரம்கூடத் தாங்காது.

குழிக்குள் இறங்கினால் காதில் எதுவும் கூடாது.
விதி. சரியான விதியும்கூட.
எதிர்எடை இறங்கும் சத்தத்தைத் தவறவிட்ட
இருளப்பனுக்கு இரண்டு விரல் இல்லை.
ஆகவே எனக்கு ரயில்.

நேற்று காத்திப்பில் ஏறிய தேசியச் சேவைப் பையன்
உட்கார்ந்த நொடியில் உறங்கி
என் வலது தோளில் சாய்ந்தான்.
பாட்டுப்பெட்டி வலது பையில்.
இடக்கையில் கருவிப்பெட்டி.
அசைந்தால் விழித்துவிடுவான்.
கலைத்துப்போட்ட வரிசையில் அப்போது வந்தது
ஏதோ ஒரு டிராக் ஒன்று.
பதினேழு நிமிடம் என்று காட்டும்,
அதைப் பார்த்தே எப்போதும் தாண்டிவிடுவேன்.

பெண்குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குகிறாள்.
எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை.
இயோ சூ காங்வரை சகித்துக்கொண்டேன்.
ஆங் மோ கியோவில் ஒரு வயலின் ஏறிக்கொண்டது.
பீஷான் தாண்டி ரயில் சுரங்கத்துள் முங்கியபோது
அவள் மூச்சு வாங்கும் இடம் எனக்குத் தெரிந்திருந்தது.
நானும் அங்கேயே வாங்கினேன்.

தோ பாயோவில் நான் இறங்கவில்லை.
நொவினாவில் பையன் திடுக்கிட்டு எழுந்து
“சாரி அங்கிள்” என்று ஓடினான்.
தோளில் வெள்ளிக்காசு அளவுக்கு எச்சில்.
எதிர்த்திசை நடைமேடையில் நின்று
மறுபடி முதலிலிருந்து வைத்தேன்,
அந்தச் செருமலுக்காக.

அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
வைத்தால் தேடிப் போய்விடுவேன்.
அவளாக வரட்டும்.

இரவு. வீடு உறங்கிவிட்டது.
காதுக்குழலைக் கழற்றிவிட்டுப்
பெட்டியையே காதோடு வைத்துக்கொள்கிறேன்.
ஒரு பாட்டு முடிந்து
அடுத்ததைத் தேடத் தட்டு விழிக்கிறது.
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ நேரங்கழித்து வருகிறார்கள்.
எங்கள் புளோக்கில் மின்தூக்கி
ஆறிலும் பதினொன்றிலும்தான் நிற்கும்.
ஆறில் நின்றது.
கதவு, ஒரு முனகலும் இல்லாமல், திறந்தது.

நல்ல எண்ணெய்.
நான் போட்டது.