தடுத்தது நாற்பத்தொன்று

ஃப்ரிபூர் பனித்தளத்தில் வண்டி ஓட்டுகிறவன் நான்.
கீறல்களை அழிப்பது என் வேலை.
அதனால் இராசமலர் அக்காவைப் பற்றி
நான் எழுதுவது சரியோ தெரியாது.

வியாழன் இரவு, ஒன்பதேகால்.
நல்ல நேரமெல்லாம் ஆண்கள் எடுத்தபின்
மிஞ்சுவதுதான் பல்கலைக்கழகப் பெண்களின் ஆட்டம்.
இருக்கை நாலாயிரம்.
வந்திருப்பது பதினேழு பேர்:
இரண்டு காதலர்கள், கோப்பியோடு ஒரு தகப்பன்,
ஃபோனைப் பார்த்தபடி மிச்சப் பேர்,
பிறகு அக்கா.

மென்சாவில் தட்டுக் கழுவி முடித்து
பெரோல் தெருவில் பஸ் ஏறி வருவா.
பீஸ் காற்றுக்குக் காது வரை தொப்பி;
பொட்டு மட்டும் எந்தக் குளிருக்கும் ஒளிக்காது.
எங்கள் கோலுக்கு நேர் பின்னால்
கண்ணாடியோடு ஒட்டி நிற்பா.
பீரியட் முடிய அணிகள் பக்கம் மாறும்.
அக்காவும் தேத்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு
அரங்கைச் சுற்றி மறுகரைக்கு நடப்பா.

'கோல் அடிக்கிற பக்கம் நின்றால் என்ன அக்கா?'
'அங்கை பாக்க ஆக்கள் இருக்கினம்தானே.'

கத்துவா. தமிழில்தான்.
'விடாதை பிள்ளை, விடாதை!'
முதல் வருடம் எனக்கு வெட்கம்.
வண்டிக்குப் பின்னால் நின்று
வேறு நாட்டுக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.
இரண்டாம் வருடம் பெஞ்சிலிருந்தே கேட்டது:
'வித்தாத்! வித்தாத்!'
அது ஒரு வீராங்கனையின் பெயரென்று நம்பி
லொசான் அணிப் பயிற்சியாளர்
பெயர்ப் பட்டியலை இரண்டு தரம் புரட்டினார்.

நவம்பரில் ஆஸ்பத்திரி.
தை மாதம் தொடங்கமுன் முடிந்துபோனது.

சுடலை மண்டபத்துக்கு ஆறு பெண்கள் வந்தார்கள்,
அணியின் நீலச் சட்டையோடு,
பயிற்சி முடித்த ஈரத் தலையோடு.
கைகூப்பத் தெரியாமல்
கையுறைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
'ஆர் தம்பி இவையள்? மென்சாவிலை வேலையோ?'
அக்காவின் மச்சான் என் காதுக்குள் கேட்டார்.
ஓமென்று சொல்லிவிட்டேன்.
இன்னும் அது உறுத்துகிறது.

மகள் லண்டனிலிருந்து வந்திருந்தாள்.
கட்டிலுக்குக் கீழே மூன்று கொப்பிகள்.
'அண்ணை, அம்மா சீட்டுப் பிடிச்சவவோ?
ஆருக்கோ காசு குடுக்கக் கிடக்கோ?'
பயத்தோடுதான் நீட்டினாள்.

பக்கம் பக்கமாகக் கோடுகள்.
நாலு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே.
மென்சாவில் தட்டு எண்ணும் அதே கணக்கு.
மேலே திகதி, எதிரணியின் ஊர்,
கீழே தமிழில்:
'நொயெமி. தடுத்தது 41.'

அந்த ஆட்டம் எனக்கு நினைவிருக்கிறது.
ஒன்பதுக்குப் பூச்சியம், தோல்வி.
அந்த ஒன்பது கொப்பியில் எங்கேயும் இல்லை.

நொயெமியை வண்டிக் கொட்டகைக்கு வரச்சொல்லிக் காட்டினேன்.
இந்தத் தரத்து ஆட்டத்தில் தடுத்ததை எண்ணுவார் இல்லை;
அவளே எண்ணியதில்லை.
இலக்கங்களை அவளால் வாசிக்க முடிந்தது.
ஒரு பக்கத்தில் மட்டும் கோடு இல்லை, எழுத்துத்தான்.
'இது என்ன?' என்றாள்.
பிரெஞ்சில் சொன்னேன், எனக்கு வந்த அளவுக்கு:
'பிள்ளைக்குக் காய்ச்சல். வேறை ஆள் நிண்டது.
எண்ணேல்லை.'

அவள் சிரித்தாள். பிறகு
கவசங்களைக் கழற்றாமலே
என் எண்ணெய்ப் பீப்பாமீது அதிக நேரம் இருந்தாள்.

போன வியாழன், மூன்றாம் பீரியட்.
வண்டியை விட்டுவிட்டு மறுகரைக்கு நடந்தேன்.
சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் கோடு போட்டேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
அடுத்த வட்டு வந்த வேகத்தில் கண்ணை மூடிவிட்டேன்.
அவளில் பட்டுத் திரும்பியதா,
தானாக வெளியே போனதா, தெரியாது.

கோடு போட்டேன்.
அக்கா போட்டிருப்பா.