நடப்புக் கணக்கு

மூன்று நிமிடம். பன்னிரண்டு அங்குல மரப்படி.
ஏறு, இறங்கு, மறுபடி ஏறு என்று
ஒரு சின்னப் பெட்டி டக் டக்கெனத் தட்டுகிறது.
காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய பெண், ரோஸ்லின் மேரி,
தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தவள்,
என் விரலில் கிளிப்பை மாட்டி
நூற்று ஐம்பத்தாறு என்கிறாள்.
ஒரு நிமிடம் விட்டுப் பார்க்கிறாள்.
இறங்கவில்லை.

"சார், ஏழு மாசம் தினமும்
பதினாலாயிரம் ஸ்டெப் நடந்திருக்கீங்க."
"ஆமா."
"தங்க நிலையில இருக்கீங்க."
"ஆமா."
"பிபி பாக்கணும், வாட்ச்சக் கழட்டுங்க."
கழற்றினேன்.
முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே நிறம்.
வெயிலில் வாட்ச் கட்டி நடந்தவன் கையில்
ஒரு வெள்ளைக் கோடு மிஞ்சியிருக்க வேண்டும்.
அவள் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கோடு சேவுகமூர்த்தியிடம் இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் என் கடை.
இடித்த வீடுகளின் நிலை, கதவு, எனாமல் தூக்கு,
நின்றுபோன கடிகாரங்கள்.
கிட்டங்கியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து லாரிக்கு,
வாங்குகிறவர் மனம் மாறினால் திரும்பவும் கிட்டங்கிக்கு
அவன்தான் சுமப்பான்.
போன ஆடியில் கட்டிவிட்டேன்.
"இதப் போட்டுக்க." அவ்வளவுதான் சொன்னது.

வாரம் முந்நூறு புள்ளி.
பழச்சாறு கூப்பன், சினிமா டிக்கெட் இரண்டு,
வருஷக் கடைசியில் பிரீமியத்தில் பத்து சதவீதம்.
பேரேடு எழுதிப் பழகிய கை எங்களுடையது.
அடுத்தவன் கால் நடந்ததை என் பக்கம் வரவு வைக்க
யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
ஒரு சனிக்கிழமை ஆறாவது வெள்ளைப் பணியாரத்தைப்
பிட்டுக்கொண்டிருந்தபோது போன் குலுங்கியது:
வாழ்த்துகள் நாச்சியப்பன்!
இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்.

மாசியில் ஒரு நாள், விடிகாலை மூன்றேகால்.
உங்கள் இதயத் துடிப்பு சீராக இல்லை,
உடனே மருத்துவரை அணுகவும்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.
உமையாள் தண்ணீர் கொண்டுவந்தாள்.
பாதிச் செம்பு குடித்த பிறகுதான் உறைத்தது
இது என் நெஞ்சு இல்லை என்று.

விடியும்வரை காத்திருந்தேன்.
இந்த வரியை எழுதாமல் விட்டுவிடப் பார்த்தேன்.
விடியும்வரை காத்திருந்தேன்.

கல்லுக்கட்டிப் பக்கம் டாக்டர்.
இசிஜித் தாளை நீளமாக இழுத்துப் பார்த்துவிட்டு
எத்தனை நாளாப் படபடப்பு என்றார்.
"இந்த வாட்ச்சு கட்டுனதுலேருந்து சார்."
டாக்டர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.
"எங்க நிக்கிறேன், எம்புட்டு நேரம் உக்காருறேன்னு
மொதலாளி பாக்கத்தான கட்டிவிட்டாக.
டீக்குக்கூட நிக்கலீங்க."
"ராத்திரியும் போட்டுக்கிட்டா படுத்த?"
"கழட்டச் சொல்லலையே."

வெளியே, வேப்பமர நிழலில், போன் கேட்டது:
மருத்துவரைப் பார்த்தீர்களா? ஆம். இல்லை.
ஆம் என்பதை அழுத்தினேன்.
ஐந்நூறு புள்ளி.
மாத்திரைக்கு ஆனது நானூற்று இருபது ரூபாய்.
புள்ளி வேறு ரூபாய் வேறு என்று தெரிந்தும்
மனசு ஒருமுறை கழித்துப் பார்த்துக்கொண்டது.

ரோஸ்லின் மேரி மரப்படியை மடித்துப் பைக்குள் வைக்கிறாள்.
"வெண்கலத்துக்கே வராது சார்.
ஆறு மாசம் கழிச்சு வாரேன். அதுவரைக்கும்
நீங்க நடங்க."
அந்த 'நீங்க'வை
கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் சேவுகமூர்த்தி.
இரண்டாவது கிளாஸ்.
வெறுங்கையால் யாரிடமோ எதையோ விளக்குகிறான்,
வெள்ளைக் கோடு மேலும் கீழும் போய்வருகிறது.
என் கடைச் சுவரில் ஒன்பது கடிகாரம்,
எட்டு எப்போதோ நின்றவை.
ஓடுகிற ஒன்றை
என் கண் தேடிப் பிடித்தது.
பதினொன்றே முக்கால்.