தார்ப்பாய்

காட்டெருமைதான் என்றார்கள்.
மார்கழியில் அது தோட்டத்துக்குள் இறங்கும்.
போன வருஷம் மஞ்சக்குட்டையில் ஒரு ஸ்கூட்டரை முட்டியது,
ஓட்டியவர் சில்வர் ஓக்கில் ஏறி விடியும்வரை இருந்தார்.
ஆகவே எடைக்கார லூர்துராஜையும்
காட்டெருமைக் கணக்கில் எழுதிவிடப் பார்த்தார்கள்.
சேலத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர்
பதினாறாவது கொண்டை ஊசியில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்ததால்
எனக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தது.

நான் தீர்த்தகிரி. ஏட்டு.
கொட்டச்சேட்டில் இதுவரை பிடித்தது
மிளகுத் திருடர்கள் இரண்டு பேர், பலாப்பழத் திருடன் ஒருவன்.
அவனும் பழத்தோடு தானே வந்து சரணடைந்தான்,
அதற்குமேல் தூக்க முடியவில்லையாம்.

களத்தில் மூடுபனி முழங்காலுக்கு நின்றது.
கேட் சாத்தி, உள்பக்கம் கைவிட்டுக் கொக்கி போட்டிருந்தது.
"காட்டெருமை வந்தது சரி,
போகும்போது கொக்கியுமா போட்டுவிட்டுப் போனது?"
கூட்டம் கேட்டைப் பார்த்தது.
பிறகு என்னைப் பார்த்தது, முதல்முறையாக.

களத்தில் மூன்று காப்பிக் குவியல்.
ஒன்று லூர்துராஜ் வாங்கிச் சேர்த்தது.
ஒன்று கரடியூர் சென்றாயனுடையது.
நேற்று டீக்கடையில் ஏழு பேர் கேட்க
"உன்னைத் தொலைச்சிடுவேன்" என்று கத்தியவன்.
மூன்றாவது ராமாயியுடையது.

தார்ப்பாய் மட்டும் ஒன்றே ஒன்று. நீலம்.
அதுவும் லூர்துராஜுக்குச் சொந்தம்.
மழை வராது என்று நிச்சயமாகத் தெரிந்த இரவுகளில்
ஐம்பது ரூபாய்க்கு வாடகைக்கு விடுவார்.

சென்றாயனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.
அவன் நனைந்த காப்பியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்,
பிணத்தின் பக்கம் திரும்பவே இல்லை.
கொன்றவனென்றால் மாற்றியல்லவா அழுவான்?

மழை ஒன்றே காலுக்கு.
ஸ்டேஷனில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்த நேரம்
டைரியில் இருக்கிறது, நானே எழுதியது.
சாயங்காலம் லூர்துராஜின் குவியல்மேல்
ஊரே பார்த்த தார்ப்பாய்
இப்போது ராமாயியின் குவியல்மேல்,
நாலு முனையிலும் செங்கல் வைத்து.
கையை விட்டுப் பார்த்தேன்.
கொட்டை சலசலத்தது.

மனுஷன் மழையில் கிடக்கலாம்,
காப்பி கிடக்கக் கூடாது
என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ராமாயி வீட்டில் எனக்கு எப்போதும் ஒரு டம்ளர் உண்டு,
மிளகு தட்டிப் போட்டு.
அன்றும் தந்தாள். குடித்தேன்.
குடித்து முடித்தபின் எப்படிக் கேட்பது என்று
பயிற்சியில் சொல்லித் தரவில்லை.
"தார்ப்பாயை நீதானே இழுத்துப் போட்டே?"

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.
"தூறல் விழுந்துச்சு. ஓடினேன்.
கொட்டாயில தராசுப் பக்கத்துல படுத்திருந்தான்.
பாதியாச்சும் மூட விடுன்னேன். அம்பது ரூபா கேட்டான்.
இல்லேன்னா எடையில கழிச்சுக்கறேன்னான்.
ஏற்கெனவே கழிக்கறதுக்கு மேலயான்னேன்.
சிரிச்சான் சார்.
கல்லு பக்கத்துலயே இருந்துச்சு."

டம்ளரை நானே கழுவி வைத்தேன்.

ஜீப்பில் ஏறும்போது ஒன்றுதான் சொன்னாள்:
இன்னும் ரெண்டு வெயிலுக்குக் கிளறி விடணும்.
சென்றாயனிடம் சொல்லியிருக்கிறேன்.
பாதி நாள் அவன் வருவான்,
மீதிக்கு ட்யூட்டி முடிந்து நான்.

எடைக்கல் தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது.
ஐந்து கிலோ என்று பொறித்து, சர்க்கார் முத்திரை வேறு.
சாக்கில் சுற்றி ரேஷன் கடைக்குத் தூக்கிப் போனேன்.
கடைக்காரர் தராசைத் தட்டிவிட்டு
இரண்டாம் முறையும் வைக்கச் சொன்னார்.
வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
பத்து அறுப்பாக அந்தக் கல்லுக்கு
எதிர்த்தட்டில் கொட்டியவர்கள்.
யாரும் பேசவில்லை.
ஒருத்தி மட்டும் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.

இரவு மகஜர்.
"கொலைக்குப் பயன்பட்ட ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று"
இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன்.
அவர் ஜீப் இறங்கிப் போனபின்
"ஐந்து" என்பதை ஒரு கோட்டால் அடித்தேன்,
ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு
மேலே எழுதினேன்:
ஐந்தே முக்கால்.