ஐம்பத்தொரு அங்குலம்

அளவு நாடா கழுத்தில் தொங்கியபடியே
கார் பார்க்கப் போய்விட்டேன்.
லிங்கநகரில் தையல்கடையைப் பூட்டிய அவசரம்.
இஹ்சான் சிரித்தார்:
"காருக்கும் சட்டை தைக்கப் போறீங்களோ?"

அனுராதபுரச் சந்திக்கு அங்கால், அவருடைய வளவில்
மூன்று கார்கள் வெயில் காய்ந்தன.
பவன் முன்மூடியைத் திறந்தார்.
பற்றரிக்கு எத்தனை வயது,
லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்,
பெயின்ற் பழசா, பூசினதா.
நான் பின்கதவைத் திறந்தேன்.

வெள்ளை வாகன்ஆர்.
தலைக்கு மேலே தாராளம், தொப்பி போட்டும் இருக்கலாம்.
அகலம் நாற்பத்தாறு.
சோடாப் பெட்டிக்குள் போத்தல் நிற்கிற மாதிரி
கண்டி வரைக்கும் நிமிர்ந்தபடி போகலாம்.

சிவப்பு விற்ஸ்.
பவனுக்கு மனம் அதில்தான்.
ஆறடி ஓரங்குலம் மனிசன்;
தன் காலுக்கேற்பச் சீற்றைத் தள்ளினார்.
பின்னால் மிஞ்சியது நாலு விரல்.
"பிள்ளையள்தானே இருக்கப் போகுதுகள்."
மூன்று மாதத்துக்கு ஒருக்கால்
அபிஷனின் காற்சட்டை மடிப்பை இறக்குகிறவள் நான்.
நாலு விரலை நாலு மாதம் தின்றுவிடும்.

மூன்றாவது, சாம்பல் நிற அக்ஸியோ.
கதவில் நீளக் கீறல்,
உள்ளே யாரோ கொளுத்திய ஊதுபத்தியின் மிச்சம்.
குஷனை அமத்தினேன்.
உடனே எழும்பவில்லை,
கொஞ்சம் யோசித்து எழும்பியது.
நடுவில், கால் வைக்கிற இடத்தில், சின்னத் திமில்.
ஓரத்திலிருந்து ஓரம் நாடாவை இழுத்தேன்.
ஐம்பத்தொன்று.

அபிஷன் பதின்மூன்று, கிருத்தி பன்னிரண்டு.
மலர் மச்சாள் இருபத்தாறு.

அளவுக் கொப்பியை நான் யாருக்கும் காட்டுவதில்லை,
பவனுக்கும்.

அவருடைய அக்கா.
வங்கியில் கோடி கோடியாய் எண்ணுகிறவ.
கல்யாண மண்டபத்தில்
பிளாஸ்ரிக் கதிரை இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு,
கையால் ஒருக்கால் அமத்திப் பார்த்துத்தான் இருப்பா.
ஓட்டோவில் ஏறினால் பாதி உடம்பு வெளியில்,
கம்பியைப் பிடித்தபடி.
வாடகைக்கு வான் பிடித்த நாட்களில்
"நான் பஸ்ஸில வாறன், காத்து வரும்" என்பா.
கன்னியாவுக்குக்கூட அப்படித்தான் வந்தவ,
எங்களுக்கு முதல் வந்து
வெந்நீர்க் கிணற்றடியில் வியர்த்துக்கொண்டு நின்றா.

இன்றைக்கும் வேம்பின் நிழலில் தள்ளி நின்றா.
"நீங்க பாருங்கோ. எனக்கென்ன."
"மச்சாள், ஏறுங்கோ. சன்னல் பக்கம்."
"அது பிள்ளையளுக்கு..."
அபிஷன் முந்திக்கொண்டு
திமிலின் இரு பக்கமும் கால்களைப் போட்டு
குதிரைக்காரன் மாதிரி இருந்துவிட்டான்.
மச்சாள் ஏறினா.
"குறை நினையாதேங்கோ."
யாருக்குச் சொன்னா?
பிள்ளைகளுக்கோ, காருக்கோ.

நிலாவெளி றோட்டில் ஓடிப் பார்த்தோம்.
என் சீற்றை முன்னுக்கு இழுத்துவிட்டேன்,
முழங்கால் டாஷ்போர்ட்டில் இடித்தது, பரவாயில்லை.
உப்புவெளி வரைக்கும்
கதவுக்கு மேலே இருந்த பிடியை அவ விடவில்லை.
சாம்பல்தீவுப் பாலத்தில் காற்று வந்தது.
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்:
கை மடியில் கிடந்தது,
உள்ளங்கை மேலே பார்த்தபடி.

திரும்பி வந்தும் பவன் சிவப்பைச் சுற்றினார்.
"லீற்றருக்கு ரெண்டு கிலோமீற்றர் கூடப் போகும்."
"போகும்," என்றேன். "ஆர் போறது?"
அவர் என்னைப் பார்த்தார்,
பிறகு நாடாவை.
இஹ்சான் விலையில் ஒரு இலட்சம் குறைத்தார்,
பிறகு அதில் பாதியைக் கூட்டினார்.
தேத்தண்ணி வந்தது. ஒரு கோப்பை மிஞ்சியது.

மச்சாள் இறங்கியிருக்கவில்லை.
கதவு திறந்தபடி, செருப்புகள் கீழே மண்ணில்,
தலை சாய்ந்திருந்தது.
ஃபோனில் யாரோ கேட்டிருக்க வேண்டும்.

"ஓம், காரில இருக்கிறன்.
இல்லையடி, ஓடேல்ல.
சும்மா இருக்கிறன்."