இருநூற்றுப் பன்னிரண்டாம் தடம்

லெபோ பந்தாயில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியின்
மாடிக் கிடங்கைக் காலி செய்த தேக் ஹுவாட்
அறுபது ரிங்கிட் என்றான், ஐம்பதுக்குத் தந்தான்.
ஜெலுத்தோங் வரை பேருந்தில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
மைக்ரோவேவா என்று கேட்டாள்
பக்கத்து இருக்கைக்காரி.

முதல் நாள் தட்டு சுழலவில்லை.
கடற்காற்று குடித்த ஊர்,
தலை தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
கையில் எடுத்து மணிக்கட்டால் ஒரு திருகு.
முனகியது. பிறகு படிப்படியாகச் சுருதி ஏறி
ஓரிடத்தில் நின்றது.
இருபது மெகாபைட்.
என் அத்தை அனுப்பும் காலை வணக்கக் காணொளி
ஒன்றுகூட இதில் அடங்காது.

டீபக்கில் அட்டையின் கதவெண்ணைத் தட்டினேன்:
சி, எட்டு, பூச்சியம், பூச்சியம்,
முக்காற்புள்ளி, ஐந்து.
உருளை அறுநூற்றுப் பதினைந்து. தலை நான்கு.
தடத்துக்குப் பதினேழு கூறு.
இடைவெளி மூன்று.
கடைசிக் கேள்வி, ஆரம்பிக்கலாமா:
ஒய், அல்லது என்.
பார்க்க வந்தவருக்கும் அழிக்க வந்தவருக்கும்
இங்கே வாசல் ஒன்றுதான்.
'என்' தட்டி வெளியே வந்தேன்,
விரல் 'ஒய்'யிலிருந்து எவ்வளவு தூரம் என்று
ஒருமுறை பார்த்துவிட்டு.

தடத்தில் கூறுகள் உட்கார்ந்திருக்கும் வரிசை:
ஒன்று, ஏழு, பதின்மூன்று,
இரண்டு, எட்டு, பதினான்கு, மூன்று...
பைத்தியக்காரன் எண்ணுவதுபோல் இருக்கும்.
அப்படி இல்லை.
ஒன்றைப் படித்து விழுங்க நேரம் வேண்டும் இந்த இயந்திரத்துக்கு.
அதற்குள் இரண்டு பேர் கடந்து போய்விடுவார்கள்,
விழுங்கி நிமிரும்போது சரியாக
இரண்டு எதிரே வந்து நிற்கும்.
மூன்றை இரண்டாகக் குறைத்தால்
வேகம் கூடாது. ஒவ்வொரு கூறுக்கும்
ஒரு முழுச் சுற்று காத்திருக்க நேரும்.
(இதைப் பதினைந்து வருடம் வேலை பார்த்த ஆபீசில்
யாருக்கும் புரியவைக்க முடியவில்லை என்னால்.)

மூடியின் மேல் ஆலை ஒட்டிய சீட்டு.
கெட்ட தடங்கள், அச்சில்:
எண்பத்தெட்டு, தலை ஒன்று.
முந்நூற்று ஐந்து, தலை இரண்டு.
நானூற்றுப் பதினொன்று, தலை மூன்று.
கீழே நீலப் பேனாவில் நான்காவது:
இருநூற்றுப் பன்னிரண்டு, தலை பூச்சியம்.
ஏழு போட்ட இடுப்புக் கோடுபோல்
இரண்டுக்கு ஒரு சின்ன வால்.

அச்சிட்ட மூன்றும் உண்மையிலேயே கெட்டவை,
தலை அங்கே போய்ப் போய்த் திரும்பித்
தட் தட் என்றது.
நான்காவதில் சத்தமே இல்லை.
பதினேழு கூறும் முதல் முறையிலேயே படிந்தன.
கெட்டது என்று அட்டவணையில் எழுதிவைத்ததால்
டாஸ் முப்பது வருடமாய் அங்கே
காலே வைக்கவில்லை.

எட்டரை கிலோபைட். ஆங்கில எழுத்தில் தமிழ்.
எண்பத்தொன்பது மார்ச், சனி,
கப்பல் லேட், நாலு மணி இருபது நிமிசம், காசு வரல.
அடுத்த சனி, மூணு மணி, வரல.
தீபாவளிக்கு முதல் நாள், ராத்திரி பதினொன்று வரைக்கும்.
வரல.
ஒருமுறை மட்டும்: அரை நாள் குடுத்தாங்க, அப்புறம்
லீவுல கழிச்சிட்டாங்க.
கடைசிக் கூறில் பாதி காலி.
பெயர் ஒரே இடத்தில்: ஜெகதாம்பாள், டைப்பிஸ்ட்.
கூட்டிப் பார்த்தேன், அறுநூற்றுப் பதினோரு மணி.
யாரிடம் நீட்டுவது. கம்பெனிப் பலகை இருந்த சுவரில்
இப்போது ஒரு கஃபே,
பதினெட்டு ரிங்கிட் கோப்பி.

ஈப்போவிலிருந்து ஃபைருஸ் கூப்பிட்டான்,
நானூறு தருவதாகப் பேச்சு.
சுத்தமாக ஃபார்மெட் பண்ணி வேண்டும் என்றிருந்தான்,
அடிமட்டத்திலிருந்து.
முந்நூற்றைம்பது கொடு, அப்படியே எடுத்துக்கொள் என்றேன்.
ஏன், தட்டில் ஏதாவது?
நான்கு தடம் கெட்டது, சீட்டிலேயே இருக்கிறது,
நீயும் தொடாதே.

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன்,
நீல மை வெளிறியிருந்தது.
மார்க்கர் எடுத்து
அந்த நான்காவது எண்ணின் மேலேயே
வாலோடு சேர்த்து
மறுபடி எழுதினேன்.